சர்க்கார் பக்கம் நின்ற குமாரமங்கலத்துக்காரர்

இரண்டு பேருக்கு வரப்புத் தகராறு. விஷயம் கோர்ட்டுக்குப் போகிறது. ஆளுக்கொரு வக்கீல். வழக்கை விசாரிப்பவர் நீதிபதி. அந்த நீதிபதியை இரண்டு பேரில் ஒருவரே பொறுக்கி எடுத்து நாற்காலியில் உட்கார வைத்தால் மற்றவர் சும்மா இருப்பாரா?

"இது என்ன நியாயம்?" என்று சின்னப் பையன்கூடக் கேட்பான்.

ஆனால், வழக்காடும் இருவரில் ஒருவர் சர்க்காராக இருந்தால்? நிலம் எடுப்பது சர்க்கார். வரி போடுவது சர்க்கார். ஜெயிலில் வைப்பதும் சர்க்கார். இவை சரியா தப்பா என்று சொல்ல வேண்டியவர் நீதிபதி. அந்த நீதிபதியை சர்க்கார் தன் விருப்பப்படி நியமிக்கலாமா?

1973ல் இந்தக் கேள்வி டெல்லியைக் கலக்கியது. நியமிக்கலாம், நீதிபதியின் கொள்கை என்ன என்று பார்த்தே நியமிக்கலாம் என்று பார்லிமெண்டில் வாதாடியவர் ஒரு தமிழர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்தவர். மோகன் குமாரமங்கலம் என்று பெயர்.

அப்போது அது சேலம் ஜில்லா. 1997ல்தான் நாமக்கல் தனி மாவட்டம் ஆயிற்று.

ஜமீன் வீட்டுப் பிள்ளை

மோகனின் தகப்பனார் டாக்டர் சுப்பராயன். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி. முதல் மந்திரியை அந்தக் காலத்தில் அப்படித்தான் அழைத்தார்கள். தாயார் ராதாபாய் மங்களூர்க்காரர். 1930ல் லண்டனில் நடந்த வட்டமேஜை மாநாட்டில் கலந்துகொண்ட பெண்மணி.

இந்தத் தம்பதிக்கு நான்கு பிள்ளைகள். நாலு பேரும் நாலு திசை. மூத்தவர் பட்டாளத்தில் சேர்ந்தார். 1966ல் இந்தியாவின் தரைப்படைத் தலைமைத் தளபதி ஆனார். இன்னொருவர் கோபால், நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தை நிர்வகித்தவர். மகள் பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்டு கட்சிக்காரர். கோவைத் தொகுதியில் ஜெயித்துப் பார்லிமெண்டுக்குப் போனவர்.

மோகன் 1916ல் லண்டனில் பிறந்தார். சீமையில் பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளிக்கூடத்தில் படித்தார். பிறகு கேம்பிரிட்ஜ். அங்கே மாணவர் பேச்சு மன்றத்துக்குத் தலைவராக வந்தார். பாரிஸ்டர் பட்டமும் வாங்கினார்.

1939ல் ஊர் திரும்பினார். ஜமீன் வீட்டுப் பாரிஸ்டர் பிள்ளை என்ன செய்வார்? கார் வாங்குவார், கோர்ட்டுக்குப் போவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவரோ கம்யூனிஸ்டு கட்சியில் சேர்ந்து தலைமறைவு வேலையில் இறங்கினார். 1941ல் போலீஸ் பிடித்தது. சென்னைச் சதி வழக்கு என்று பெயர் பெற்ற வழக்கு அது. பி.ராமமூர்த்தி, உமாநாத் போன்றவர்களும் அதே வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள்.

வீட்டு நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1937ல் ராஜாஜி மந்திரிசபையில் தகப்பனார் சட்ட மந்திரி. 1947ல் ஓமந்தூரார் மந்திரிசபையில் போலீஸ் இலாகாவையே பார்த்த மந்திரி. பிள்ளையும் பெண்ணும் இருந்ததோ, போலீஸ் கண் வைத்திருந்த கட்சியில்! அந்தக் கட்சிக்காரர்கள் 22 பேர் 1950 பிப்ரவரி 11ந் தேதி சேலம் ஜெயிலில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். சர்க்கார் நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பது மோகனுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கூண்டிலிருந்து மேடைக்கு

பிறகு மோகன் சென்னை ஐகோர்ட்டில் பெயர் பெற்ற வக்கீல் ஆனார். 1966ல் சென்னை ராஜ்யத்தின் அட்வகேட் ஜெனரலாக நியமிக்கப்பட்டார். அண்ணன் ராணுவத் தளபதி ஆன அதே ஆண்டு.

அட்வகேட் ஜெனரல் என்றால் யார்? மாநில சர்க்காரின் தலைமை வக்கீல். கவர்னர் அவரை நியமிக்கிறார். ஐகோர்ட்டு நீதிபதி ஆவதற்கு உரிய தகுதி அவருக்கு இருக்க வேண்டும். இன்ன காரியம் சட்டப்படி செல்லுமா என்று சர்க்கார் கேட்டால் அவர் யோசனை சொல்ல வேண்டும். சட்டசபையில் எழுந்து பேசலாம். ஓட்டுப் போட முடியாது. இந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. சர்க்காருக்குப் பிடித்ததைச் சொல்வது சுலபம். "இது செல்லாது, ஐயா" என்று மந்திரியிடம் சொல்வதுதான் கஷ்டம். சம்பளம் அதற்காகத்தான்.

சேலம் வக்கீல்கள் என்றாலே சர்க்காரை எதிர்த்து நின்றவர்கள் என்றுதான் பெயர். சேலம் விஜயராகவாச்சாரியார் 1882ல் நடந்த கலவர வழக்கில் தண்டனை பெற்று, ஐகோர்ட்டுக்குப் போய் விடுதலையானவர். 1920ல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர். ராஜாஜியும் சேலத்தில் தொழில் நடத்தி, அதை உதறிவிட்டு ஜெயிலுக்குப் போனவர்தான். மோகனின் பாதை தலைகீழ். முதலில் ஜெயில், பிறகு சர்க்கார் வக்கீல்.

1967ல் தி.மு.க. ஜெயித்தது. அட்வகேட் ஜெனரல் பதவி அந்த ஆண்டோடு முடிந்தது. கம்யூனிஸ்டு கட்சியை விட்டு விலகிய மோகன் காங்கிரசில் சேர்ந்தார். காங்கிரசுக்குள் புகுந்து அதை இடது பக்கம் திருப்ப வேண்டும் என்பது அவருடைய திட்டம். 1971 தேர்தலில் புதுச்சேரித் தொகுதியில் ஜெயித்தார். இந்திரா காந்தி அவரை உருக்கு, சுரங்க மந்திரி ஆக்கினார்.

சுரங்கமும் உருக்காலையும்

மோகன் மந்திரியாகச் செய்த பெரிய வேலை நிலக்கரிச் சுரங்கங்களைச் சர்க்கார் வசமாக்கியது. எஃகு உருக்கப் பயன்படும் நிலக்கரிச் சுரங்கங்கள் 1972 மே முதல் தேதி பொதுச் சொத்து ஆயின. மற்றச் சுரங்கங்கள் அடுத்த மே முதல் தேதி. இரண்டுமே தொழிலாளர் தினம் என்பதைக் கவனிக்க வேண்டும். உருக்காலைகளை ஒரே குடையின் கீழ்க் கொண்டுவரும் "செயில்" நிறுவனமும் 1973 ஜனவரியில் அவர் காலத்தில்தான் பிறந்தது.

சேலம் உருக்காலைக்கு 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியிருந்தார். கஞ்சமலை இரும்பை உருக்கும் ஆலை வரும் என்று ஊர் எதிர்பார்த்தது. 1980களின் தொடக்கத்தில் வந்தது எவர்சில்வர் தகடு உருட்டும் ஆலை. கஞ்சமலை அப்படியே நிற்கிறது.

மூன்று நீதிபதிகள் ராஜினாமா

இனி முக்கியமான விஷயம். அந்த ஆண்டுகளில் சர்க்காருக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் ஓயாத சண்டை. 1969ல் 14 பாங்குகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அந்தச் சட்டம் செல்லாது என்று 1970 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 11 நீதிபதிகளில் ஒருவர் மட்டும் சர்க்கார் பக்கம் தீர்ப்பு எழுதினார். அவர் ஏ.என்.ரே. மன்னர் மானிய ஒழிப்பும் அந்த டிசம்பரில் கோர்ட்டில் அடிபட்டது.

ஏழைகளுக்கு நல்லது செய்யப் போனால் கோர்ட்டு குறுக்கே நிற்கிறது என்பது மோகனின் கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாங்கு மேனேஜரின் அறைக்குள் நுழைய முடியாத விவசாயிகள் அன்று லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

1973 ஏப்ரல் 24ந் தேதி கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வந்தது. பார்லிமெண்டு அரசியல் சட்டத்தைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படை அமைப்பை மாற்ற முடியாது என்று 13 நீதிபதிகளில் 7 பேர் சொன்னார்கள். 6 பேர் அதை ஏற்கவில்லை.

மறுநாளே இடி விழுந்தது. தலைமை நீதிபதி சிக்ரி ஓய்வு பெறும் நேரம். வழக்கப்படி அடுத்த மூத்த நீதிபதி ஷெலத் அந்த இடத்துக்கு வர வேண்டும். அவருக்குப் பின் ஹெக்டே. அவருக்குப் பின் குரோவர். மூவரும் அந்த 7 பேரில் இருந்தவர்கள். சர்க்கார் மூவரையும் தாண்டி, 6 பேர் பக்கம் இருந்த ஏ.என்.ரேயைத் தலைமை நீதிபதி ஆக்கியது. மூவரும் ராஜினாமா செய்தார்கள்.

பார்லிமெண்டில் எதிர்க்கட்சிகள் கொதித்தன. பதில் சொல்ல எழுந்தவர் மோகன் குமாரமங்கலம். சட்ட மந்திரி கோகலே இருக்க, உருக்கு மந்திரி எழுந்தார்! மூப்பு என்பது வெறும் வழக்கம்தான், சட்டம் அல்ல என்றார். நாடு போகும் திசையைப் புரிந்துகொள்ளும் நீதிபதி வேண்டும் என்றார். தலைமை நீதிபதிக்கு மூப்பு மட்டும் போதாது என்று சட்டக் கமிஷன் 1958லேயே எழுதியிருப்பதை எடுத்துக் காட்டினார்.

அந்தக் கமிஷனுக்குத் தலைவராக இருந்தவர் எம்.சி.சீதல்வாட். இந்தியாவின் முதல் அட்டர்னி ஜெனரல், நேரு சர்க்காரின் வக்கீல். அவர் அப்போது உயிரோடு இருந்தார். இந்த நியமனத்தைக் கண்டித்து அறிக்கை விட்ட பெரியவர்களில் அவரும் ஒருவர்! திறமையானவரைத் தேடு என்று அவர் எழுதினார். நம் கொள்கைக்காரரைத் தேடு என்று மோகன் அதற்கு அர்த்தம் செய்தார். இரண்டும் ஒன்றல்ல.

பக்கத்து நாட்டில்

பாகிஸ்தானில் ஷரீபுதீன் பீர்சாதா என்ற வக்கீல் இருந்தார். 2017ல் காலமானார். அயூப்கான், யாஹியாகான், ஜியா, முஷாரப் என்று வரிசையாக வந்த ராணுவ ஆட்சிக்காரர்கள் எல்லோருக்கும் சட்ட யோசனை சொன்னவர். சிலரிடம் அட்டர்னி ஜெனரல். சிலரிடம் மந்திரி. முஷாரப்பிடம் ஆலோசகர். ஜியா ஆட்சியைப் பிடித்தது 1977ல். முஷாரப் பிடித்தது 1999ல். இரண்டு முறையும் அவசியம் கருதி செல்லும் என்று அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

மோகன் பீர்சாதா அல்ல. வந்தவருக்கெல்லாம் வாதாடியவர் அல்ல. தான் நம்பியதற்காகவே வாதாடினார். ஆனால் ஆபத்தும் அங்கேதான் இருந்தது. கூலிக்குப் பேசும் வக்கீலின் வாதத்தைக் கேட்பவர் சந்தேகத்தோடு கேட்பார். நம்பிப் பேசும் நல்லவரின் வாதம் எளிதில் எடுபடும். பேசியவர் போனபிறகும் அது நிற்கும். யார் கையிலும் அகப்படும்.

விமான விபத்து

அவர் சீக்கிரமே போய்விட்டார். 1973 மே 31ந் தேதி சென்னையிலிருந்து டெல்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் பாலம் விமான நிலையத்துக்கு அருகே விழுந்து நொறுங்கியது. 65 பேரில் 48 பேர் மாண்டார்கள். அவர்களில் மோகனும் ஒருவர். அந்த விமானக் கம்பெனிக்கே ஒரு காலத்தில் தலைவராக இருந்தவர். வயது 56.

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் விசாரணை இன்றி ஜெயிலில் அடைக்கப்பட்டார்கள். கோர்ட்டுக்குப் போகும் உரிமையாவது உண்டா என்ற கேள்வி சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. இல்லை என்று 1976 ஏப்ரல் 28ந் தேதி தீர்ப்பு. தலைமை வகித்தவர் ஏ.என்.ரே. ஐவரில் எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவருக்கு வர வேண்டியது. அவரையும் தாண்டி வேறொருவரை நியமித்தார்கள். கன்னா ராஜினாமா செய்தார்.

1941ல் கைதியாக நின்ற மோகன் அந்தத் தீர்ப்பைக் கேட்டிருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார்?

மகன் ரங்கராஜன் குமாரமங்கலமும் வக்கீல்தான். 1984ல் சேலத்தில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்தார். நரசிம்மராவ் மந்திரிசபையில் சட்டத்துறை ராஜாங்க மந்திரியாக இருந்தார். பின்னர் பா.ஜ.க.வில் சேர்ந்து வாஜ்பாய் மந்திரிசபையில் மின்சார மந்திரி ஆனார். 2000ல் காலமானார்.

1993ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி நியமனத்தைத் தன் கைக்கே கொண்டுவந்தது. மூத்த நீதிபதிகள் கூடிப் பெயர் சொல்வார்கள், சர்க்கார் நியமிக்கும். "கொலீஜியம்" என்பது இதுதான். 1973ல் பட்ட சூட்டை நீதிபதிகள் மறக்கவில்லை. இதை மாற்றப் பார்லிமெண்டு 2014ல் ஒரு கமிஷன் ஏற்படுத்தச் சட்டம் இயற்றியது. அதை 2015 அக்டோபரில் ஐந்து நீதிபதிகள் விசாரித்து, நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்து செய்தார்கள். நீதிபதிகளே நீதிபதிகளைப் பொறுக்குவதும் வரப்புத் தகராறுக்காரருக்குப் புரியாத நியாயம்தான்.

கொலீஜியம் பெயர் அனுப்புகிறது. சர்க்கார் சில பெயர்களை உடனே ஏற்கிறது, சில பெயர்களை மாதக்கணக்கில் வைத்துக்கொள்கிறது. சென்னை ஐகோர்ட்டில் நீதிபதி இடங்கள் 75. அத்தனை இடமும் நிரம்பியிருந்த நாட்கள் குறைவு. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பை எதிர்த்துத் திருச்செங்கோட்டிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் அப்பீல் போட்டவர்கள், வக்கீல் குமாஸ்தாவுக்கு டெலிபோன் செய்து, "கேஸ் லிஸ்டில் வந்ததா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.