முரசுக்கு அடங்காத சங்கீதம்

18ஆம் நூற்றாண்டு பிரான்சில் புராட்டஸ்டன்ட் போதகரைத் தூக்குமேடைக்குக் கொண்டுபோகையில் சிப்பாய்கள் முரசு கொட்டுவார்கள். சாகப்போகிறவர் சங்கீதம் பாடுவார். கூடியிருப்பவர்கள் காதில் அது விழக் கூடாது. ஒரு பெரிய அரசு இப்படி அஞ்சிய பாட்டின் பிறப்பிடம் அரண்மனைதான்.

அரசவைக் கவிஞர் கிளெமான் மாரோ தாவீதின் சங்கீதங்களைப் பிரெஞ்சில் பாட்டாகக் கட்டியபோது பிரபுக்களே விரும்பிப் பாடினார்கள். இளவரசர் ஹென்றி 42ஆம் சங்கீதத்தைப் பாடிக்கொண்டே வேட்டைக்குப் போவாராம். அரியணை ஏறியதும் புராட்டஸ்டன்ட்டுகளை விசாரித்து எரிக்கத் தனி நீதிமன்றம் அமைத்தவரும் அவரேதான்.

மாரோ தொடங்கியதைத் தியோடர் பேஸா முடித்தார். 1562இல் 150 சங்கீதங்களும் மெட்டோடு ஜெனீவாவில் அச்சேறின. அங்கே அவற்றை முறைவைத்து ஒன்று விடாமல் பாடினார்கள். விடிவே காட்டாமல் இருளிலேயே முடியும் 88ஆம் சங்கீதத்தையும் தாண்டிப் போகவில்லை. (இன்றைய ஆராதனைக் கூட்டங்களில் அதற்கு யார் மெட்டுப் போடுகிறார்கள்?) அதே சங்கீதங்களைப் பாடிய பிரான்சின் புராட்டஸ்டன்ட் சபை பின்னால் வந்த காலத்தைத் தாங்கியதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். கடவுளிடம் முறையிட்டு அழப் பழகிய வாய்க்குத்தான் கெட்ட காலத்திலும் துதி வரும்.

கெட்ட காலம் படிப்படியாக வந்தது. முதலில் தெருவில் பாடத் தடை. பிறகு, வெளியே கேட்கும்படி வீட்டுக்குள் பாடவும் தடை. கத்தோலிக்க நற்கருணைப் பவனி புராட்டஸ்டன்ட் கோயிலைக் கடக்கும்போது உள்ளே பாட்டை நிறுத்த வேண்டும். 1685இல் பதினான்காம் லூயி, வழிபாட்டுரிமை தந்திருந்த நாந்து ஆணையையே ரத்து செய்தார். கோயில்கள் இடிக்கப்பட்டன. மக்கள் செவென் மலைப் பள்ளத்தாக்குகளில் இரவில் கூடினார்கள். கொண்டைக்குள் மறைக்கும் அளவுக்குச் சிறிய சங்கீதப் புத்தகங்கள் இருந்தன என்பது வழிவழிச் செய்தி. பிடிபட்ட ஆண்களுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை, பெண்களுக்குச் சிறை.

எல்லோரும் பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. 1702இல் செவென் விவசாயிகள் ஆயுதம் எடுத்தார்கள். 68ஆம் சங்கீதம் அவர்களுடைய போர்ப்பாட்டானது. அவர்கள் பட்ட கொடுமையை எண்ணினால் குறைசொல்ல நா எழவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளில் கலகம் ஒடுங்கிவிட்டது. நிலைத்தது வேறு வகைப் பிடிவாதம்.

மத்தியதரைக் கடலோரம் எக்-மோர்த் நகரில் கான்ஸ்டன்ஸ் கோபுரம் இருக்கிறது. பருத்த கற்சுவர், வெளிச்சத்துக்கு ஒடுங்கிய பிளவுகள். 1730இல் மரீ துரான் அதற்குள் அடைக்கப்பட்டபோது வயது 19 இருக்கும். அண்ணன் பியேர் மறைந்து திரிந்த போதகர். 1732இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். விசுவாசத்தை மறுதலித்தால் மரீ வெளியே போயிருக்கலாம். 38 ஆண்டுகள் மறுதலிக்கவில்லை. உடனிருந்த பெண்களோடு ஜெபம், சங்கீதம், வெளியே இருந்தவர்களிடம் துணியும் உணவும் கேட்டுக் கடிதங்கள் என்று நாட்கள் போயின. ‘எதிர்த்து நில்’ என்ற பொருளில் அங்கே கல்லில் கீறப்பட்ட ஒரு சொல்லை அவர் கைவேலை என்பார்கள்.

1768இல் விடுதலையாகி, 1776இல் இறந்தார். 1787இல் வந்த அரசாணை புராட்டஸ்டன்ட்டுகளின் பிறப்பையும் திருமணத்தையும் இறப்பையும் பதிவு செய்ய இடம் கொடுத்தது. கூடிப் பாட அப்போதும் அனுமதி இல்லை. அதற்குப் புரட்சி வரவேண்டியிருந்தது.