பெட்ரோல் கேன்: எதை வாங்குவது, எங்கே வைப்பது?

கேள்வி: “வாலாஜாபாத் பக்கத்தில் ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல் பயிர் செய்கிறோம். வீட்டில் குழித்தறியும் ஓடுகிறது. இந்த வருஷம் பவர் வீடரும், வரப்புப் புல் வெட்ட பிரஷ் கட்டரும் வாங்கியிருக்கிறோம். பங்க்கில் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் தர மறுக்கிறார்கள். அதனால் பழைய சமையல் எண்ணெய் கேனில் வாங்கி வந்து, தறி போட்டிருக்கும் அறையில் ஒரு மூலையில் வைக்கிறோம். இது சரியா? எந்த மாதிரி கேன் வாங்கலாம்?”

- காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி.

பதில்: முதல் வேலையாக, அந்தக் கேனை இன்றைக்கே தறி அறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். புது கேன் வாங்கும் விஷயத்தைப் பிறகு பார்க்கலாம்.

பெட்ரோலில் தீப்பிடிப்பது அதிலிருந்து கிளம்பும் ஆவிதான். பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் பெட்ரோல் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியை விடும். ஆக, மார்கழிக் காலையிலும் நம் ஊரில் அது ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். இந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. புகை போல மேலே போகாமல், கொட்டிய தண்ணீர் போலத் தரையோடு பரவிப் பள்ளத்தில் போய்த் தங்கும். வீட்டுக்குள் இருப்பதிலேயே தாழ்வான இடம் எது? நெசவு செய்பவர் காலைத் தொங்கவிட்டு மிதி மிதிக்கும் தறிக்குழிதான்.

காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே போதும், பற்றிக்கொள்ளும். பூஜை விளக்கு, அடுப்பு, சுவிட்சில் எழும் ஒரு பொறி என்று எது வேண்டுமானாலும் அதற்குப் போதும். குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவர் சட்டென்று எழுந்து ஓடவும் முடியாது. தறியில் ஏற்றிய பாவும் பட்டும் போனால் கடன் வாங்கியாவது மறுபடி ஏற்றலாம். உயிருக்கு அப்படி வழி இல்லை.

டீசல் இந்த அளவுக்கு ஆபத்தானது இல்லை. நம் நாட்டில் விற்கும் டீசல் 35 டிகிரிக்குக் குறைவான வெப்பத்தில் தீப்பிடிக்கும் ஆவியை விடக் கூடாது என்பது தர விதி. ஆனால், சொர்ணவாரிப் பட்டத்தில், கத்திரி வெயிலில் கிடக்கும் கேன் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். எனவே டீசல் கேனையும் நிழலில்தான் வைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1934-ம் ஆண்டு பெட்ரோலியம் சட்டத்தின்படி, விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு மொத்தம் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக்கொள்ள உரிமம் தேவையில்லை. ஆனால், அதை எதில் வைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இறுக மூடிய கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரம் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. உலோகப் பாத்திரம் என்றால் 25 லிட்டருக்கு மேல் கூடாது. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் இல்லை. 2002-ம் ஆண்டு பெட்ரோலியம் விதிகளின்படி, ஒரு லிட்டருக்கு மேற்பட்ட பெட்ரோல் கேன், வெடிபொருள் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி ஒப்புதல் தந்த வகையாக இருக்க வேண்டும். கடையில் கேட்கும்போது, “பெசோ ஒப்புதல் உள்ள பெட்ரோல் கேன் இருக்கிறதா?” என்று கேளுங்கள்.

எண்ணெய் கேன், தண்ணீர் பாட்டில், பெயின்ட் டப்பா எதுவும் வேண்டாம். அவற்றின் மூடி பெட்ரோல் ஆவியைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பூச்சிமருந்து, களைக்கொல்லி வந்த கேனில் பெட்ரோல் ஊற்றுவது இன்னும் மோசம். இரண்டும் பக்கத்தில் இருந்தால் என்றைக்காவது ஒருநாள் கை மாறிவிடும்.

கேனுக்கு ஒரு கதை

கடையில் எந்த பிளாஸ்டிக் கேனையும் ‘ஜெர்ரி கேன்’ என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயர் முதலில் ஒரு இரும்பு கேனுக்கு வந்தது. 1937-ல் ஜெர்மன் ராணுவத்துக்காக உருவாக்கிய 20 லிட்டர் கேன் அது. இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயர்கள் கையில் இருந்தவை மெல்லிய தகர டின்கள். பாலைவனத்தில் லாரி குலுங்கும்போது அவை ஒழுகிப் பெட்ரோல் வீணானது. எதிரியிடம் கிடைத்த கேன் ஒழுகாததைப் பார்த்து, அதே மாதிரி தாங்களும் செய்துகொண்டார்கள். ஜெர்மானியர்களுக்கு ஆங்கிலேயர் வைத்த பட்டப்பெயர் ‘ஜெர்ரி’. அதுவே கேனுக்குப் பெயராகிவிட்டது. அந்தக் கேனில் இருந்த நல்ல அம்சங்களைத்தான் இன்றைக்கும் நாம் பார்த்து வாங்க வேண்டும்: கனமான தகடு, பற்றவைத்த உறுதியான இணைப்பு, பெட்ரோல் சூட்டில் விரிந்தால் தாங்குவதற்குப் பக்கவாட்டில் அழுத்திய வரிகள், கேனோடு சேர்ந்தே இருக்கும் இறுக்கமான மூடி.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

அளவு: பெட்ரோல் லிட்டருக்கு சுமார் முக்கால் கிலோ. 20 லிட்டர் கேன் என்றால் பெட்ரோல் மட்டுமே 15 கிலோ. அதைத் தூக்கிச் சாய்த்து, சின்ன டேங்கில் சிந்தாமல் ஊற்றுவது சிரமம். இரண்டு ஏக்கருக்கு, இரண்டு சின்ன இயந்திரங்களுக்கு 5 லிட்டர் கேன் ஒன்று போதும். அதிகம் போனால் 10 லிட்டர்.

மூடியும் வாஷரும்: மூடிக்குள் வாஷர் இருக்க வேண்டும். கிழிந்துபோனால் சைக்கிள் டியூப்பை வெட்டிப் போடாதீர்கள். பெட்ரோல் பட்டால் அது ஊதி இளகிவிடும். பெட்ரோலைத் தாங்கும் ‘நைட்ரைல்’ ரப்பர் வாஷர் ஆட்டோமொபைல் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும்.

ஒழுகல் சோதனை: வாங்கிய அன்றே தண்ணீர் நிரப்பி மூடி, பழைய செய்தித்தாள் மேல் கால் மணி நேரம் படுக்க வைத்துப் பாருங்கள். தாள் நனைந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். சோதனை முடிந்ததும் கேனைக் கவிழ்த்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவிட்ட பிறகே பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

உள்பக்கம்: டார்ச் அடித்துப் பாருங்கள். துரு இருந்தால் வேண்டாம். அந்தத் துரு நேராகக் கார்புரேட்டருக்குத்தான் போய்ச் சேரும்.

பெயர்: கேன் மேல் ‘பெட்ரோல் - தீப்பற்றும்’ என்று பெயின்டில் பெரிதாக எழுதுங்கள். டீசலுக்கு வேறு நிறத்தில் வேறு கேன் இருக்கட்டும்.

பங்க்கில் நிரப்பும்போது

கேனை டூவீலரின் மேலேயோ, லோடு ஆட்டோவின் உள்ளேயோ வைத்தபடி நிரப்பக் கூடாது. பெட்ரோல் வேகமாகப் பாயும்போது நிலைமின்சாரம் உண்டாகும். கேன் தரையில் இருந்து, குழாய் மூக்கு கேனின் வாயைத் தொட்டபடி இருந்தால் அது தரைக்கு இறங்கிவிடும். கழுத்து வரை நிரப்ப வேண்டாம். 10 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் அளவு விரியும். 10 லிட்டர் கேனில் ஒன்பது, 5 லிட்டர் கேனில் நாலரை என்பது நல்ல கணக்கு. பஸ்ஸில் எடுத்து வரவே கூடாது.

எங்கே வைப்பது?

வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான, வெயில் படாத தனி இடம் வேண்டும். பலரும் பம்புசெட் அறையில் வைக்கிறார்கள். மோட்டார் ஸ்டார்ட்டர் ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் உள்ளே பொறி பறக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, அடுப்பு, பூஜை அறை எல்லாவற்றிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும். குழந்தைகள் கைக்கு எட்டாதபடி, பூட்டு போட்ட சின்னத் தகரப் பெட்டியும் செய்துகொள்ளலாம். ஆவி தங்காமல் இருக்க அதன் அடியில் துளைகள் வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் வையுங்கள். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்.

இன்னொன்று. இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் தண்ணீரும் தனியாகப் பிரிந்து கேனின் அடியில் தங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி கேன் பெட்ரோலைச் சரியாக மூடாமல் போட்டுவைத்து, நவரைக்கு எடுத்து ஊற்றினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. ஒரு மாதத்துக்குள் தீருமளவுக்கு மட்டும் வாங்குங்கள். பட்டம் முடிந்து இயந்திரத்தை ஓரமாக வைக்கும்போது அதன் டேங்கையும் காலி செய்துவிடுங்கள்.

கேள்வி: “பிரஷ் கட்டருக்கு ஆயில் கலந்த பெட்ரோலையும் அதே கேனில் வைக்கலாமா?”

பதில்: கூடாது. பிரஷ் கட்டர்களில் டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் என இரண்டு வகை உண்டு. டூ ஸ்ட்ரோக் என்றால்தான் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்று கையேட்டில் இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. 40-க்கு 1 என்றால் 25 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. ஆயில் கலக்காத பெட்ரோலை டூ ஸ்ட்ரோக்கில் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் கலவைக்கு ஒரு லிட்டர் அளவில் தனி உலோக கேன் வைத்து, ‘ஆயில் கலந்தது’ என்றும் கலந்த தேதியையும் எழுதுங்கள். ஓடிய இயந்திரத்தின் சூடு தணிய பத்து நிமிடம் விட்டு, பிறகே டேங்கில் ஊற்ற வேண்டும்.

கேள்வி: “பழைய பெட்ரோல் கேன் அடியில் கசிகிறது. வெல்டிங் வைத்துப் பயன்படுத்தலாமா?”

பதில்: வேண்டவே வேண்டாம். நிறைந்த கேனைவிடக் காலி கேன் ஆபத்தானது. உள்ளே மிஞ்சியிருக்கும் ஆவி காற்றோடு கலந்து நிற்கும். வெல்டிங் நெருப்பு பட்டால் வெடிக்கும். கழுவினாலும் முழுதாகப் போகாது. கசியும் கேனை மூடியைக் கழற்றி, திறந்த வெளியில் பல நாள் காயவிட்டு, “பெட்ரோல் கேன்” என்று சொல்லியே பழைய இரும்புக் கடையில் போடுங்கள்.

கேள்வி: “குழந்தை தெரியாமல் பெட்ரோல் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?”

பதில்: கூடாது. வாந்தியாக மேலே வரும்போது பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பெரிய பாதிப்பு அதனால்தான் வருகிறது. பெட்ரோல் பட்ட உடையைக் கழற்றி, தோலை சோப்பு போட்டுக் கழுவுங்கள். உடனே 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். குடித்தது என்ன என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். இருமலோ மூச்சிரைப்போ சில மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால், “நன்றாகத்தானே இருக்கிறான்” என்று வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. தாகத்தோடு விளையாடி வரும் பிள்ளைக்குத் தண்ணீர் பாட்டிலில் இருப்பதெல்லாம் தண்ணீர்தான். வீட்டில் அப்படி ஒரு பாட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் அதை அப்புறப்படுத்துங்கள்.