பாம்புக்குத் துணை வேண்டுமா?

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. ஆனால் அந்தப் பாம்பையே நாய், பூனைபோல் செல்லமாக வளர்ப்போரும் உலகில் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் பாம்பைக் கடையிலேயே விலைக்கு வாங்கலாம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த சோளப்பாம்பும், ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பும் அங்கே பலருக்கு விருப்பமானவை. இரண்டும் நஞ்சற்றவை, பெரும்பாலும் சாதுவானவை. அச்சம் வந்தால் தலையை நடுவில் வைத்து உடலைப் பந்துபோல் சுருட்டிக்கொள்வதால் பின்னதற்கு அப்பெயர் வந்தது.

இவற்றை வளர்ப்போரிடையே ஒரு கேள்வி ஓயாமல் எழுகிறது. ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பாம்புகளைச் சேர்த்து வளர்க்கலாமா? “பாவம், தனியாகக் கிடக்கிறதே! அதற்கும் ஒரு துணை வேண்டாமா?” என்பர் சிலர். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. எனினும், கூடாது என்பதே எங்கள் கருத்து.

மனம் ஒவ்வாதவரோடு வாழ்வது, ஒரே குடிசைக்குள் பாம்போடு வாழ்வது போன்றது என்றார் வள்ளுவர். அவர் குடிசையில் இருக்கும் மனிதனின் நிலையை எண்ணிக் கூறினார். நாம் சற்றே பாம்பின் நிலையை எண்ணிப் பார்ப்போம். தப்பிச் செல்ல வழியில்லாத பெட்டிக்குள் மற்றொரு பாம்போடு வாழ நேர்ந்தால் அதற்கு எப்படி இருக்கும்?

முதலாவதாக, பாம்புகளில் பெரும்பாலானவை தனித்து வாழும் இயல்புடையவை. சோளப்பாம்பு முட்டையிட்டதும் தன் வழியே போய்விடும். முட்டையிலிருந்து வெளிவரும் குட்டி, தாயின் முகத்தையே அறியாது. அன்று முதல் அது தானே மறைந்து, தானே வேட்டையாடி, தானே வளர்கிறது. நம்மைத் தனி அறையில் அடைத்தால் அது தண்டனை. பாம்புக்கோ, பிறர் தொல்லையில்லாத இருட்டு மூலைதான் நிம்மதி. நம்முடைய ஏக்கத்தை அதன் தலையில் ஏற்றிவிட்டு, அது ஏங்குகிறது என்று நாமே முடிவு செய்யலாமா?

இரண்டாவது, உணவு. பாம்பு நாக்கை நீட்டி நீட்டி மணத்தை அறிகிறது. பெட்டிக்குள் எலியின் மணம் பரவினால், எலி எது, எலியைத் தொட்ட கூட்டாளி எது என்று பசித்த பாம்பு பிரித்தறியாமல் போகலாம். ஒரே எலியை இரு பாம்புகள் இரு முனைகளிலும் கவ்வினால் இடர் இன்னும் பெரிது. பாம்பின் பற்கள் உள்நோக்கி வளைந்தவை. கவ்வியதை எளிதில் விட இயலாது. எலியோடு சேர்த்து மற்றப் பாம்பையும் விழுங்கத் தொடங்கிவிடும். இதுவுமன்றி, பாம்பையே உணவாகக் கொள்ளும் பாம்புகளும் உண்டு. அமெரிக்கக் காடுகளின் அரசப்பாம்பு, நஞ்சுள்ள கிலுகிலுப்பைப் பாம்பையே விழுங்கிவிடும். நம் நாட்டு ராஜநாகத்தின் முதன்மை உணவும் பாம்புதான். இத்தகையவற்றுக்குத் துணை தேடுவது, விருந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது காரணம் வெப்பம். பாம்பின் உடல் தானே சூட்டை உண்டாக்கிக் காத்துக்கொள்வதில்லை. வெளியிலிருந்து சூடு கிடைத்தால்தான் உண்டது செரிக்கும். ஆகவேதான் வளர்ப்போர் பெட்டியின் ஒரு பக்கத்தைச் சூடாகவும் மறுபக்கத்தைக் குளிர்ச்சியாகவும் வைக்கின்றனர். இரு பாம்புகள் இருந்தால் அந்த ஒரே சூடான இடத்துக்கு இரண்டும் வரும். ஒன்றின்மேல் ஒன்று சுருண்டு கிடப்பதைக் கண்டு, “எவ்வளவு பாசம்!” என்று வியக்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் இடத்துக்கான போட்டியே. வலியது மேலே கிடக்கும். எளியது இரையெடுக்காமல் மெலியும்.

இப்படிப் பாம்பைத் தவறாகப் புரிந்துகொள்வது மேல்நாட்டார் மட்டுமல்லர். நம் ஊர் வயல் வரப்புகளில் இரு பாம்புகள் கயிறு திரித்தாற்போல் பின்னி எழுவதைப் ‘பிணையல்’ என்கிறோம். சாரையும் நல்லபாம்பும் கூடுகின்றன என்று நம்புவோர் இன்றும் உண்டு. ஆனால் அவ்வாறு தலை உயர்த்திப் பின்னுபவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளே. ஒன்றையொன்று தரையில் அழுத்தித் தன் வலிமையை நிலைநாட்டப் போராடுகின்றன. நாம் காதல் என்று கண்டது சண்டை! கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் காணும் ‘நட்பு’ம் அப்படித்தான் இருக்கக்கூடும்.

நான்காவது, நோய். பாம்பின் செதில்களுக்கிடையே ஒட்டி இரத்தம் உறிஞ்சும் சிற்றுண்ணிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தாவும். மலைப்பாம்புகளையும் போவாப் பாம்புகளையும் தாக்கும் ஒரு கொடிய வைரஸ் நோய்க்கு இன்றுவரை மருந்தில்லை. சில போவாக்கள் வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் நெடுநாள் அதைச் சுமந்திருக்கும். மேலும், பெட்டிக்குள் உண்ட இரை கக்கிக் கிடந்தால், கக்கியது எது என்று எப்படி அறிவது? ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால், வளர்ச்சி முற்றாத பெண் பாம்பு கருவுற்று, முட்டையிட இயலாமல் இறந்துபோகவும் கூடும்.

இனி, எதிர்த்தரப்பினர் கூறுவதையும் கேட்போம். எல்லாப் பாம்புகளும் தனிமை விரும்பிகளா என்று அவர்கள் வினவலாம். இல்லை என்பதே நேர்மையான விடை. கனடாவின் மானிடோபா மாநிலத்தில் நார்சிஸ் என்னுமிடத்தில், குளிர்காலம் முடிந்ததும் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளிலிருந்து பல்லாயிரக்கணக்கான கார்ட்டர் பாம்புகள் ஒரே நேரத்தில் வெளிவருகின்றன. இவ்வினப் பாம்புகளில் சில, குறிப்பிட்ட சிலவற்றோடு மட்டும் சேர்ந்திருக்க விரும்புகின்றன எனக் கனடாவில் 2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வியப்புக்குரிய செய்திதான். ஆனால் நார்சிஸில் கூடும் பாம்புகள் கோடை வந்ததும் விரும்பிய திசையில் கலைந்து போய்விடுகின்றன. ஆய்வில் இருந்த பாம்புகளும் யாரோடு சேர்வது என்பதைத் தாமே தேர்ந்துகொண்டன. தானே தேடிக்கொண்ட தோழமை வேறு; பிறர் பூட்டிவைத்த தோழமை வேறு.

பாம்புப் பூங்காக்களில் ஒரே அடைப்பில் பல பாம்புகள் இருக்கின்றனவே என்றும் கேட்கலாம். அங்கே இடம் விரிவு. ஒளிந்துகொள்ள மறைவிடங்கள் பல. கவனிக்கப் பயிற்சி பெற்ற பணியாளரும் மருத்துவரும் உளர். வீட்டு மேசைமேல் உள்ள பெட்டிக்கு அது உவமையாகாது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது பெட்டிக்குப் பணம் வேண்டும், இடம் வேண்டும், விளக்கு வேண்டும். ‘துணை’ என்று அன்பின் பெயரால் சொல்லப்படுவது, பல வேளைகளில் சிக்கனத்தின் மறுபெயராகவே இருக்கிறது.

பகிர்ந்து வாழ வேண்டும் என்று வீட்டிலும் பள்ளியிலும் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். அது மிகச் சிறந்த பண்பு. ஆனால் நமக்கு நல்லதெல்லாம் பிற உயிருக்கும் நல்லதாகிவிடாது. லவ் பேர்ட்ஸ் தனியே இருந்தால் வாடும். இரண்டு ஆண் சண்டை மீன்களை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று மற்றொன்றைக் கொல்லவும் கூடும். இரண்டுக்கும் ஒரே விதியை வைப்பவர் இரண்டையுமே அறியாதவர். நாய் துன்புற்றால் குரைக்கும், பூனை கத்தும். பாம்பு கத்தி அழாது. உண்ண மறுத்து, ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், அவ்வளவே. குரலற்ற உயிரைக் கையில் எடுத்தவருக்கு, அதன் இயல்பைப் படித்தறியும் கடமை இரு மடங்காகிறது அல்லவா?

நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் தோழியர் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024ஆம் ஆண்டில் மத்திய அரசு விதிகளும் வகுத்துள்ளது. அவ்வாறு முறைப்படி வளர்ப்போருக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான்: ஒரு பாம்புக்கு ஒரு பெட்டி, இரண்டாவது பெட்டிக்கு வசதியில்லையேல் இரண்டாவது பாம்பும் வேண்டாம். நம் வீட்டுக் கொல்லைக்குப் பாம்பு வந்தால் அடிக்காமல், பிடிக்கவும் முயலாமல், விலகி நின்று வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தெரிவிப்போம். நாம் அதற்குத் துணையாக இருக்க வேண்டியதில்லை. அதன் வழியில் அதைப் போகவிட்டாலே போதும்.