தமிழ்ப் பக்கம் தீட்டுவார்க்கு உரைநூல் வேண்டும்

மூலக்குளத்தில், வில்லியனூர்ச் சாலையை அடுத்த தெரு ஒன்றில், அழைப்பிதழ் அச்சிடும் சிறிய அச்சகம் ஒன்று உண்டு. அதனை நடத்துவோரின் மகனார் எம்முடன் பயிலும் தோழர். கணினி அறிவியல் வகுப்பினர். சென்ற கோடை விடுமுறையில் அவர் தம் தந்தையார் தொழிலுக்கென இணையதளம் ஒன்றை அமைக்கப் புகுந்தார். பிறர் வரைந்ததை எடுத்தாளாது, அதன் தோற்றத்தைத் தாமே வரைதல் வேண்டும் என்னும் ஆர்வத்தால், ஆங்கிலப் பாடங்களை இரவு பகலாகக் கற்று நாற்பது நாள் உழைத்தார். பணி முடிந்தபின், பிழை பார்க்கும் பொருட்டுத் தமிழ் மாணவராகிய எம்மை அழைத்தார். கைப்பேசியில் திறந்து நோக்கினோம். முகப்பில் மாதிரித் திருமண அழைப்பு ஒன்று பெரிய எழுத்தில் விளங்கிற்று. ஆனால் எழுத்துகளின் தலைமேல் இருக்க வேண்டிய புள்ளிகளுள் ஒன்றேனும் காணப்படவில்லை. 'செல்வன்' என்று எழுதிய சொல் 'செலவன' என நின்றது. மணமகன் மணநாளிலேயே செலவாளி ஆயினமை கண்டு யாம் நகைத்தோம், தோழர் நகைத்திலர். அருகிருந்த தந்தையார், ஈய எழுத்துக் கோத்த நாள்முதல் இத்தொழிலில் இருப்பவர், ஒருமுறை உற்று நோக்கி, "தலைக்கு மேல் இடம் விடவில்லையே, தம்பி" என்றார். தோழர் நாற்பது நாளாகக் கற்ற பாடங்களுள் அவ்வொரு வாக்கியம் இல்லை. இக்கட்டுரை எழுந்ததும் அது பற்றியே.

இத்துறை அறியாத அன்பர்பொருட்டுச் சில சொல்லுதும். இணையதளத்துக்குரிய எழுத்தையும் படத்தையும் ஓரிடத்தே தொகுத்து வைத்து, நிரல் அறியாதாரும் எழுதவும் திருத்தவும் இடந்தரும் மென்பொருளை உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்பர். துருபல், ஜூம்லா, வேர்ட்பிரஸ் என்பன அவ்வகையின. இவற்றுள் வேர்ட்பிரஸே மிகப் பரவியது. உலகத்து இணையதளங்களுள் பத்தில் நான்குக்கு மேற்பட்டவை அதனால் இயங்குகின்றன. மிஷேல் வால்ட்ரீகி என்னும் பிரெஞ்சுக்காரர் 2001-ல் தொடங்கிய பி2 என்னும் மென்பொருளை அடியாகக் கொண்டு, அமெரிக்கராகிய மாட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தினராகிய மைக் லிட்டிலும் 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் அதனை வெளியிட்டனர். முல்லன்வெக்குக்கு அப்பொழுது வயது பத்தொன்பது. (எம் வகுப்பினர் இவ்வரியை இருமுறை படிப்பாராக.) உள்ளடக்கம் வேறு, அதன் உடை வேறு என்னும் முறையால், பக்கத்தின் தோற்றத்தை மட்டும் வகுக்கும் கோப்புத் தொகுதியே தீம் எனப்படும். 2005-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த 1.5 பதிப்பில் இம்முறை வேர்ட்பிரஸில் நுழைந்தது. எழுத்துரு யாது, வரிக்கும் வரிக்கும் இடைவெளி எத்துணை, தலைப்பு எவ்விடத்தது என்பனவெல்லாம் தீம் வரைவோர் கையில் உள்ளன.

அவ்வரைவோர் கற்பதற்குக் கருவி குறைவோ எனின், அன்று. வேர்ட்பிரஸ் இயக்கத்தினரே தீம் உருவாக்குவோர்க்கெனக் கையேடும் பாடங்களும் கட்டணமின்றி வழங்கியுள்ளனர். அன்றியும், 2010-ல் வந்த 'ட்வென்டி டென்' தொடங்கி அவர்கள் வெளியிட்ட தீம்கள் பொது உரிமத்தின் கீழ் உள்ளன. யாரும் அவற்றைத் திறந்து, உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், மாற்றலாம். தோழரோடு அமர்ந்து பார்த்த அளவில், இதனினும் சிறந்த ஆசிரியர் இல்லை என்றே கருதுகின்றோம். நன்கு அமைந்த தீம் ஒன்றை எடுத்து, நாளொன்றுக்கு ஓரிடத்தை மாற்றி, விளைவு யாதென நோக்குவார் பத்துக் காணொளி காண்பாரினும் விரைவிற் கற்பர்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த 5.9 பதிப்போடு தீம் வரையும் முறையே மாறிற்று. அதற்கு முன் பி.எச்.பி. மொழியில் எழுதிய வார்ப்புருக் கோப்புகளே தீமின் உடலாய் இருந்தன; அதன் பின்னர்ப் பக்கம் முழுதும் தொகுதிகளால் கட்டப்படும் புது வகை வந்தது. பழைய வகையும் இன்றளவும் இயங்குகின்றது. இவ்வேறுபாடு அறியாத மாணாக்கர், 2015-ல் எழுதிய பாடத்தை ஒரு கையிலும் இவ்வாண்டின் மென்பொருளை மறுகையிலும் வைத்துக்கொண்டு, தம் அறிவையே ஐயுறுகின்றனர். எம் தோழர் முதற் பத்து நாளை இவ்வாறே இழந்தார். பாடத்தின் ஆண்டை நோக்கிய பின்னரே பாடத்தை நோக்குக என்று தொடக்கத்திலேயே அவர்க்குச் சொல்வார் இலர்.

எம் துறை வழக்கிற் சொல்வதாயின், இத்துறையில் நூற்பா மிகுதி, உரை அரிது. இளம்பூரணர் முதலாயினார் உரையின்றித் தொல்காப்பியத்தை முதலாண்டு மாணவன் கையிற் கொடுத்தால் அவன் என் செய்வான்? வரியிடைவெளியை எந்தக் கோப்பில், எந்தப் பெயரால் குறிப்பது என்பதைக் கையேடு செவ்வனே கூறும். தமிழுக்கு அஃது எத்துணை வேண்டும் என்பது அக்கையேட்டின் கவலை அன்று. ஆங்கிலத் தலைப்புக்கு எழுத்தளவின் 1.1 அல்லது 1.2 மடங்கு போதும். தமிழிலோ மேலே புள்ளியும் விலங்கும் சுழியும், கீழே உகர ஊகாரக் குறிகளும் உள, 1.5 மடங்காயினும் வேண்டும் என்பது அழைப்பிதழைத் திருத்தியபோது யாம் கண்டது. எல்லைக்கு அப்பாற் செல்வதை மறைக்க என்னும் கட்டளையும் அப்பெட்டிக்கு இருந்தமையாற்றான் புள்ளிகள் அறுபட்டன. நாகரிகம் கருதி எழுத்துகளை நெருக்கி அமைக்கும் வழக்கமும் தமிழில் எழுத்தோடு எழுத்தை மோதச் செய்கின்றது.

எழுத்துருவிலும் இஃதே நிலை. உரோமன் எழுத்து மட்டும் உடைய எழுத்துருவைத் தீமிற் குறித்தால், தமிழெழுத்தைக் காட்டுதற்கு உலாவி, கருவியில் உள்ளதொன்றைத் தானே எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் நிர்மலா, ஆண்டிராய்டில் நோட்டோ, ஆப்பிளில் சங்கம் என ஒரே பக்கம் மூன்று முகங்கொண்டு தோன்றும். கட்டமரான், முக்த மலர், ஹிந்த் மதுரை முதலிய எழுத்துருக்கள் கட்டணமின்றிக் கிடைக்கவும், அவற்றைக் குறிக்க வேண்டும் என அறியாமையால் இக்குழப்பம் நேர்கின்றது. இனி, கட்டுரைச் சுருக்கத்தை வேர்ட்பிரஸ் இயல்பாக 55 சொற்களில் நிறுத்தும். வேற்றுமை உருபும் சொல்லுருபும் ஒட்டி நீளும் தமிழில் 55 சொல் என்பது ஆங்கிலத்தின் 55 சொல்லன்று. ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டியில் அஃது அடங்காது.

வந்த கருவியைத் தமிழுக்கு இசைவித்துக் கொள்ளுதல் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1713-ல் ஹாலே நகரினின்று தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியனவாய் இருந்தன. தாள் அளவிறந்து செலவாயிற்று. சீகன்பால்குவும் அவர் துணைவரும் அவற்றோடு அமையாது சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபொழுது கொண்டுசென்ற அச்சுப்பொறி, சென்னை வேப்பேரியில் பப்ரிசியுஸ் ஐயரிடம் ஒப்புவிக்கப்பட்டுத் தமிழ்ப் பணிக்கு ஆயிற்று. பொறி எவருடையதாயினும் எழுத்தின் அளவை அறிந்தவர் தமிழறிந்தவரே.

"ஆங்கிலத்திலேயே கற்றால் என்னை? நிரலின் சொற்கள் ஆங்கிலமே அன்றோ?" என்று சிலர் வினவுவர். ஒருபுடை ஒத்துக்கொள்கின்றோம், ஆங்கிலக் கையேட்டைப் படிக்க மாட்டாதவர் இத்தொழிலில் நெடுந்தொலைவு செல்லார். யாம் வேண்டுவது அக்கையேட்டின் மொழிபெயர்ப்பன்று. அதன் எடுத்துக்காட்டுகள் ஆங்கிலப் பக்கங்களாகவே இருக்கும்வரை, மொழிபெயர்த்தாலும் 'செல்வன்' செலவனாகவே நிற்பான். "செயற்கை நுண்ணறிவே இனித் தீம் வரைந்துவிடும்" என்பாரும் உளர். தோழர் அதனையும் வினவிப் பார்த்தார். அது தந்த வரியிடைவெளியும் 1.2 தான்.

தமிழில் முயற்சியே இல்லை என்று கூறுதல் நன்றி மறத்தலாகும். 2012-ல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழைச் சார்ந்தோர், கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில் நூல்கள் எழுதி இலவசமாக வழங்கினர், எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். ஆகியவற்றைத் து. நித்யா அவர்கள் எழுதிய நூல்களால் தமிழிலேயே கற்கலாம். நம் அண்டையிலுள்ள விழுப்புரத்து லினக்ஸ் பயனர் குழுவினர் நாட்டுப்புற மாணவர்க்கு நேரிற் கற்பிக்கின்றனர். இவை அடிப்படை மொழியைத் தருவன. அதன்மேல் நின்று, தமிழ்ப் பக்கம் ஒன்றையே முதல் எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதிய உரைநூல் அடுத்த படியாகும்.

அதனைக் கணினித் துறையினர் மட்டும் எழுதிவிட இயலாது என்பதே எம் துணிபு. செய்யுளை நோக்குக. வெண்பாவின் ஈற்றடி முச்சீர்த்தென்பது கைப்பேசியின் ஒடுங்கிய திரைக்குத் தெரியுமோ? முதலடியின் நான்காம் சீர் மடங்கிக் கீழே வீழ்ந்தால், படிப்போர் அதனைப் புதிய அடியென மயங்குவர். மடங்கிய சீரைச் சற்று உள்ளே தள்ளி அச்சிட்டால் அம்மயக்கம் இல்லை. வேர்ட்பிரஸில் செய்யுளுக்கெனத் தனித் தொகுதியே உண்டு. அதற்கு இவ்வுடையைத் தீமில் இரண்டு வரியால் உடுத்தலாம். ஆனால் அடி இன்னதென அறிந்தவர் அருகிருந்து சொல்லுதல் வேண்டும். இந்நாள்வரை நம் கல்லூரியில் கணினிக்கூடமும் தமிழ் வகுப்பும் ஒரே மாடியில் இருந்தும், ஒருவர் வாயிலை ஒருவர் மிதித்ததில்லை.

ஆகலின் தோழரும் யாமும் சிறு தொடக்கம் ஒன்று செய்துள்ளோம். தீமைச் சோதிப்பதற்கு வேர்ட்பிரஸார் மாதிரி உள்ளடக்கம் ஒன்று வைத்துள்ளனர். அது பெரும்பாலும் ஆங்கிலம். அதற்கு இணையாகத் தமிழ்ச் சோதனைப் பக்கம் ஒன்று எழுதி வருகின்றோம். புள்ளி மிக்க தலைப்பு, பொத்தானில் அடங்காத நீண்ட வினைமுற்று, ஊகாரக் குறியின் கீழ் ஈகாரக் குறி வரும் இரண்டு வரி, 'ஸ்ரீ' உள்ள ஒரு பெயர், யாமே கட்டிய வெண்பா ஒன்று, திருமண அழைப்பு ஒன்று என்பன அதில் உள்ளன. வெண்பாவில் தளை தட்டுவதாக எம் ஆசிரியர் குறித்துள்ளார், திருத்துவோம். பழைய மாணவருள் அச்சுத்தொழிலிலும் இணையத் தொழிலிலும் இருப்போர், தமிழ் எழுத்துத் தம் பக்கங்களில் எவ்விடத்துச் சிதைந்தது, எவ்வாறு செப்பஞ் செய்தனர் என்பதை எழுதித் தமிழ்த்துறைக்கு விடுப்பாராயின், அவற்றையும் சேர்த்துக்கொள்வோம். மூலக்குளத்துப் பெரியவர் சனிக்கிழமை மாலைதோறும் வந்து பார்ப்பதாக இசைந்துள்ளார். மணமகனுக்குப் புள்ளிகள் மீண்டன. பொத்தான்கள் மட்டும் இன்னும் எஞ்சியுள்ளன.