காதைத் திருகினால் நாய் நிற்காது



எங்கள் ஊரில் பெருமாளே படுத்துக்கொண்டுதான் இருக்கிறார். பாலாற்றங்கரையில் உத்திர ரங்கநாதராகப் பள்ளிகொண்டிருப்பதால்தான் ஊருக்கே பள்ளிகொண்டா என்று பெயர். அப்படிப்பட்ட ஊரில் ஒரு நாய்க்குட்டியை நிற்க வைக்க நான் பட்ட பாட்டையும், அதில் செய்த தப்பையும் இன்று எழுதுகிறேன். தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காது கேட்காத ஒரு குட்டியை, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று காதைப் பிடித்துத் திருகினேன்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் பேரன் ஒருநாள் இரண்டு மாத ராஜபாளையம் குட்டியோடு வந்து இறங்கினான். பால் போல வெள்ளை, ரோஜா நிற மூக்கு, பொன் நிறக் கண்கள். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அதில் இடம்பிடித்த ஜாதி இது. வெள்ளையன் என்று பெயர் வைத்தோம். பேரனுக்கு அதை நாய்க் கண்காட்சியில் நிறுத்திக் கோப்பை வாங்க வேண்டும் என்று ஆசை.

"தாத்தா, நீங்க வீட்ல சும்மாதான இருக்கீங்க. அதுக்கு நிக்கக் கத்துக்குடுங்க" என்றான். அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு தள்ளியவனுக்குப் பதவி உயர்வு போல இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

கண்காட்சியில் நிற்பது என்றால் சும்மா நிற்பது இல்லை. முன்னங்கால்கள் தோளுக்கு நேர் கீழே தூண் போல இருக்க வேண்டும். பின்னங்கால்கள் சற்றே பின்னால் தள்ளி, கணுவுக்குக் கீழ்ப்பகுதி தரைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். தலை நிமிர்ந்திருக்க வேண்டும். நடுவர் வந்து உதட்டை விலக்கிப் பல்வரிசை பார்ப்பார். தோள், விலா, முதுகு, தொடை என்று தடவிப் பார்ப்பார். ஆண் நாயென்றால் விதைப்பைகளையும் தொட்டுப் பார்ப்பார். முன்பின் தெரியாத ஒருவர் இத்தனையும் செய்யும்வரை அது அசையாமல், அஞ்சாமல் நிற்க வேண்டும். பிறகு ஓடிக் காட்ட வேண்டும்.

இதைக் கற்றுக்கொடுக்க எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். நான் சின்ன வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார் "தெபூ!" என்று ஒரு அதட்டல் போட்டால் வகுப்பே எழுந்து நிற்கும். எழுந்திரு என்று அர்த்தம். நிற்காதவன் காது அவர் விரலுக்குள் போய்விடும். அறுபது வருஷம் கழித்து அதே "தெபூ"வை வெள்ளையனிடம் சொன்னேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிரெஞ்சு புரியவில்லை போலிருக்கிறது என்று தமிழில் சொன்னேன். அதற்கும் அசையவில்லை. திமிர் என்று முடிவு கட்டினேன். மொட்டைமாடி வெயிலில் கழுத்துப்பட்டையைத் தூக்கிப் பிடித்து அரைமணி நேரம் நிறுத்தினேன். காதையும் திருகினேன். நாலே நாளில் என் வேட்டியைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தது. நின்றாலும் வாலை இடுக்கிக்கொண்டு, முதுகைக் கூனிக்கொண்டு நின்றது.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் கம்மவான்பேட்டையில் இருக்கிறார். ராணுவக் கால்நடைப் படையில் மீரட்டில் நாய்களோடு காலம் தள்ளியவர். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் சற்று நேரம் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தூங்கும்போது பின்பக்கமாகப் போய், மேலே காற்றுப் படாத தூரத்தில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினார். குட்டி அசையவில்லை. விசில் அடித்தார். அதற்கும் இல்லை. காலால் தரையைத் தட்டினார். அதிர்வு தெரிந்ததும் துள்ளி எழுந்தது.

"சார், இதுக்குக் காது கேக்கல. நீங்க யார்கிட்ட இவ்ளோ நாளா கத்திக்கினு இருந்தீங்க?" என்றார்.

அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். அவர் விளக்கியது இது: உட்காதில் சில நிறமிச் செல்கள் இருந்தால்தான் கேட்கும் உறுப்பு உயிரோடு இருக்கும். உடம்பு முழுக்க வெள்ளையாக இருக்கும் நாய்களில் சிலவற்றுக்கு அந்தச் செல்கள் அங்கே இருப்பதில்லை. பிறந்த சில வாரங்களிலேயே காது செத்துவிடும். சிலதுக்கு ஒரு காது, சிலதுக்கு இரண்டும். நாம் வெள்ளைதான் ஜாதி நாய் என்று கேட்டு வாங்க வாங்க, இந்தக் குறையும் கூடவே வருகிறது. ஆகவே ராஜபாளையம் வாங்க நினைப்பவர்கள் முதலில் சாவிக்கொத்துச் சோதனை செய்யுங்கள். ஒரு காது மட்டும் செவிடு என்றால் இதில் தெரியாது. அதற்குத் தனியாகக் கருவிப் பரிசோதனை இருக்கிறது. குறையுள்ள நாயை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள்.

கண்காட்சி என்பது அடுத்த தலைமுறைக்கு ஏற்ற நாயைத் தேர்ந்தெடுக்கும் இடம். காது கேட்காத நாயை அங்கே நிறுத்துவது முறையல்ல என்று பேரனே கோப்பை ஆசையை விட்டுவிட்டான். ஆனால் நான் பயிற்சியை விடவில்லை. கட்டிலுக்கடியில் ஒளிந்த குட்டியை வெளியே வரவழைக்கும் கடன் எனக்கு இருந்தது.

ராணுவக்காரர் சொல்லிக்கொடுத்தபடி மறுபடி தொடங்கினேன். ஒரு நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம், அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால். வழுக்கும் தரையில் குட்டி பயப்படும் என்பதால் கீழே ஒரு சாக்கு. வாயால் சொல்வதற்குப் பதில், உள்ளங்கையை அதன் மூக்குக்கு நேராக நீட்டுவது. அதில் ஒரு துண்டு வேகவைத்த ஈரல். நாலு காலில் ஒரு விநாடி நின்றால் கொடுப்பது. பிறகு இரண்டு விநாடி, ஐந்து, பத்து. உட்கார்ந்தால் கொடுப்பதில்லை. நம் வீடுகளில் பிஸ்கட்டுக்கு உட்காரப் பழக்குகிறோம். அந்த நாய் கண்காட்சியிலும் நடுவரைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடும். காலைச் சரிசெய்ய வேண்டுமானால் பாதத்தைப் பிடித்து இழுக்காமல், முழங்கைப் பக்கம் பிடித்து மெல்லத் தூக்கி வைக்க வேண்டும். நாலு மாதத்துக்கு மேல் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்போது ஈறு வலிக்கும். அந்தச் சமயத்தில் வாயைத் திறந்து பார்ப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அப்போது வலித்தது அதன் மனதில் தங்கிவிடும்.

தடுப்பூசிகள் முடிந்த பிறகு வீட்டுக்கு வருபவர்களை எல்லாம் அதைத் தொடச் சொன்னேன். பால்காரர், கேஸ் போடுபவர், என் பென்ஷன் நண்பர்கள் எல்லாருமே நடுவர்கள்தான். எல்லார் கையிலும் ஈரல். என்னை நம்ப மட்டும் அதற்கு இரண்டு மாதம் ஆனது. மற்றவர்களிடம் அத்தனை நாள் பிடிக்கவில்லை.

அடுத்த மே மாதம் பேரன் என்னை ஊட்டிக்கு அழைத்துப்போனான். அரசு கலைக் கல்லூரி மைதானத்தில் நடக்கும் நாய்க் கண்காட்சியை வேடிக்கை பார்த்தோம். நாட்டின் பல ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். அங்கே இரண்டு வகை மனிதர்களைப் பார்த்தேன். சிலர் கயிற்றைத் தாடைக்கடியில் சுண்டி இழுத்து, முன்னங்கால் தரையில் படுகிறதோ இல்லையோ என்கிற அளவுக்கு நாயைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பள்ளியில் படித்த லா ஃபோந்தேனின் ஓநாயும் நாயும் கதை ஞாபகம் வந்தது. அதில் நாயின் கழுத்தில் பட்டை தேய்த்த இடத்தைப் பார்த்துத்தான் ஓநாய் காட்டுக்கே திரும்பிப் போகும். இன்னும் சிலர் கயிற்றைத் தொளதொளவென்று விட்டிருந்தார்கள். நாய் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு தானாக நின்றது. கோப்பை யாருக்குப் போனது என்பதை நான் கவனிக்கவில்லை. எந்த நாயை வீட்டில் எப்படி நடத்துகிறார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

என் கருத்து இதுதான். கண்காட்சிக்குப் போகிறீர்களோ இல்லையோ, குட்டிக்கு நிற்கக் கற்றுக்கொடுங்கள். ஆனால் பயத்தில் நிற்கக் கற்றுக்கொடுக்காதீர்கள். கையைக் கண்டால் நடுங்கும் நாயை நடுவரும் கண்டுபிடித்துவிடுவார், மருத்துவரும் கண்டுபிடித்துவிடுவார். சொன்னதைக் கேட்கவில்லை என்று கோபம் வந்தால், அதற்குக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். குழந்தைக்கும் இது பொருந்தும். என் மகன் நாலாம் வகுப்பில் கரும்பலகை தெரியாமல் தப்புத் தப்பாக எழுதிக்கொண்டு வந்தபோது அவன் காதையும் இதே விரல்களால்தான் திருகினேன். கண்ணாடி போட வேண்டியவன் என்று தெரிய ஒரு வருஷம் ஆயிற்று.

போன மாதம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வெள்ளையனைக் கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போனேன். மற்ற நாய்களுக்கு வாய்க்கட்டு போட்டு இரண்டு பேர் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். நான் உள்ளங்கையை அதன் மூக்குக்கு நேராக நீட்டினேன். நாலு காலையும் ஊன்றி, தலையை நிமிர்த்தி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. ஊசி போட்டு முடித்தபிறகும் அசையவில்லை.

"என்னா சார், போலீஸ் நாய் மாதிரி நிக்குது!" என்றார் ஊசி போட்டவர்.

அதற்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.