சுமை நம் தலையில், ஒப்பந்தம் யார் கையில்?

நெய்வேலியில் கடல் இல்லை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்துக் கடலூருக்குத்தான் போக வேண்டும். அப்படியிருக்க, சரக்குக் கப்பல் போக்குவரத்தைப் பற்றி இங்கே உட்கார்ந்து எதற்கு எழுத வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். நம் ஊர் நிறுவனத்தின் கரியே இப்போது கப்பலில் போகிறது. அந்தக் கரி போகும் வழியெல்லாம் யாருக்கு என்ன வேலை கிடைக்கிறது என்று பார்த்தால், இடஒதுக்கீடு எந்த வாசல் வழியாக வெளியேறுகிறது என்பது தெரிந்துவிடும்.

நம் ஊர் லிக்னைட்டில் ஏறக்குறைய பாதி ஈரம். அதை வெகுதூரம் கொண்டுபோனால் தண்ணீருக்கும் சேர்த்து வாடகை கொடுத்தது போலாகும். அதனால்தான் சுரங்கத்தின் வாசலிலேயே அனல்மின் நிலையத்தைக் கட்டி, கன்வேயர் பெல்ட்டில் கரியை அனுப்புகிறார்கள். 2015இல் இதற்கு மாறான ஒன்று வந்தது. தமிழ்நாடு மின்வாரியத்தோடு கூட்டாக, என்.எல்.சி. 89 சதவீதப் பங்கு வைத்து, தூத்துக்குடியில் 1,000 மெகாவாட் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அங்கே எரிப்பது நிலக்கரி. ஒடிசாவில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகம் வரை கொண்டுவந்து, அங்கிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு அனுப்புகிறார்கள். ஒடிசாவின் தலபிராவில் என்.எல்.சி.க்கே சுரங்கம் இருக்கிறது. 2019 டிசம்பரில் அங்கே பழங்குடி மக்கள் காத்துவந்த காட்டின் மரங்கள் போலீஸ் காவலோடு வெட்டப்பட்டன. பெயர் பொதுத்துறைச் சுரங்கம்; தோண்டுவது ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனம்.

தோண்ட, ரயிலில் ஏற்ற, கப்பலை வாடகைக்கு எடுக்க, தூத்துக்குடியில் இறக்க, சாம்பலை லாரியில் அள்ள என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி டெண்டர். மாநில அரசும் 1974இல் பூம்புகார் கப்பல் கழகத்தைத் தொடங்கி, தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் என்ற பெயர்களில் சொந்தக் கப்பல்களை ஓட்டியது. இன்று மின்வாரியத்தின் கரி வருவது வாடகைக் கப்பல்களில்.

இந்தத் தொழில் எப்போதுமே இப்படித்தான் இருந்ததா? இல்லை. விடுதலைக்கு முன்பு, துறைமுக வாசலில் விடியற்காலையில் கூட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்கு அன்று கூலி, மற்றவர்களுக்குப் பட்டினி. இந்த அன்றாடங்காய்ச்சி முறைக்குக் கடிவாளம் போட்டது 1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் (வேலை ஒழுங்குமுறை) சட்டம். அப்போது மத்தியத் தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் பாபு ஜெகஜீவன் ராம். தொழிலாளரைப் பதிவு செய்து, முறைவைத்து வேலை கொடுத்து, வேலை இல்லாத நாளுக்கும் ஒரு தொகை தரும் வாரியங்கள் அந்தச் சட்டத்தின்கீழ் வந்தன. ஒரு தலித் அமைச்சரின் காலத்தில் வந்த சட்டம் என்பதை நம் படிப்பு வட்டங்களில்கூட அதிகம் பேசுவதில்லை.

பிறகு பெட்டி வந்தது. 1956 ஏப்ரலில் அமெரிக்காவின் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 அலுமினியப் பெட்டிகளோடு ஒரு கப்பல் போனது. தளர்வான சரக்கை ஏற்றுவதற்கு டன்னுக்குக் கிட்டத்தட்ட 6 டாலர் ஆன இடத்தில், பெட்டியில் ஏற்ற 16 சென்ட் ஆனதாகக் கணக்குச் சொன்னார்கள். அந்த மிச்சத்தில் பெரும்பகுதி தொழிலாளியின் கூலி. அந்த அலை நம் கரைக்கு வந்தபோது தனியார்மயமும் கூடவே வந்தது. 1997இல் பெருந்துறைமுகங்களை 1948 சட்டத்திலிருந்து விலக்க வழிசெய்யும் சட்டம் போட்டார்கள். 1999இல் தூத்துக்குடியிலும் 2001இல் சென்னையிலும் கன்டெய்னர் முனையங்கள் தனியார் கைக்குப் போயின. 2021ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டம், துறைமுகம் நிலத்துக்குச் சொந்தக்காரராக மட்டும் இருந்து வாடகை வாங்கும் முறையை இன்னும் உறுதிப்படுத்தியது.

துறைமுகம் இன்னும் அரசுடையதுதான். ஆனால் அதன் புதிய முனையத்தில் வேலை தருபவர் அரசு அல்ல. பழைய போர்ட் டிரஸ்ட் ஆள் எடுத்தால் இடஒதுக்கீட்டுப் பட்டியல் உண்டு. முனைய நிறுவனம் ஆள் எடுத்தால் இல்லை. மத்திய அரசு நேரடியாக 45 நாளோ அதற்கு மேலோ தற்காலிகமாக நியமித்தால்கூட இடஒதுக்கீடு பொருந்தும். அதே வேலையை ஒப்பந்தக்காரர் வழியாகப் பத்து வருடம் செய்தாலும் பொருந்தாது. யாரும் எந்த உரிமையையும் ரத்து செய்யவில்லை. உரிமை இருக்கும் இடத்திலிருந்து வேலையைத் தூக்கி வேறிடத்தில் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

2001 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. இந்திய உருக்கு ஆணையத்துக்கு எதிராக வாட்டர்ஃபிரண்ட் தொழிலாளர் சங்கம் நடத்திய வழக்கு அது. ஒரு வேலையில் ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும், அதில் இருந்த தொழிலாளி தானாகவே நிரந்தரமாகிவிட மாட்டார் என்பது தீர்ப்பின் சாரம். சரக்கு கையாண்ட கொல்கத்தாத் தொழிலாளர்களின் வழக்கு, இன்று சுரங்க வாசலில் கேட் பாஸோடு நிற்கும் நம் ஒப்பந்தத் தொழிலாளியின் தலையெழுத்தையும் தீர்மானிக்கிறது. கடல் நமக்குத் தூரம் இல்லை.

எந்திரம் வந்தது நல்லதுதானே, நம் மக்கள் காலமெல்லாம் மூட்டை சுமக்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். சுமக்கக் கூடாது. எந்திரத்தை வெறுக்கும் அரசியல் அம்பேத்கருடையது அல்ல. மனிதனை மாட்டைப்போல உழைக்கவிடாமல் அவனுக்கு ஓய்வும் படிப்பும் தரும் கருவியாகவே அவர் எந்திரத்தைப் பார்த்தார். என் கேள்வி வேறு. கிரேன் கேபினில் உட்காருவது யார்? கரி இறக்கியபின் கப்பல் அறையின் மூலையில் ஒட்டிய மிச்சத்தைக் கூட்டி அள்ள இறங்குவது யார்? இந்தக் கணக்கை எந்த முனையமும் வெளியிடுவதில்லை. கணக்கெடுக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. 2024 செப்டம்பரில் தூத்துக்குடியில் புதிய கன்டெய்னர் முனையம் திறந்தபோது, பணியாளர்களில் 40 சதவீதம் பெண்கள் என்று பிரதமர் பெருமையாகச் சொன்னார். நல்ல செய்தி, வரவேற்போம். பெண்களை எண்ணத் தெரிந்தவர்களுக்குப் பட்டியல் சாதியினரை எண்ணவும் தெரியும்.

கடலுக்குள் போகும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் என்னிடம் அதைக் கேட்கிறார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம். சீட்டில் இடஒதுக்கீடு உண்டு. ஆனால் கட்டணம் ஆண்டுக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. படித்து முடித்தபின் கப்பலில் ஏற்றுவது தனியார் நிறுவனம். இந்த இடைவெளியில்தான் ஏஜென்டுகள் புகுந்து, நகையை அடகு வைத்த பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போகிறார்கள். கப்பல் ஏறியவர்களுக்கும் ஆபத்து இருக்கிறது. 2023 நவம்பருக்குப் பிறகு செங்கடலில் சரக்குக் கப்பல்கள் தாக்கப்பட்டன. 2024இல் உலகெங்கும் 300க்கு மேற்பட்ட கப்பல்களில் 3,000க்கு மேற்பட்ட மாலுமிகளை முதலாளிகள் சம்பளமில்லாமல் கைவிட்டார்கள். அவர்களில் இந்தியர்களே அதிகம். உரிமம் உள்ள நிறுவனமா என்று கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் பட்டியலில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சரி, என்ன செய்வது? வேலை ஒப்பந்தத்துக்குள் போய்விட்டது. நம் கோரிக்கையும் ஒப்பந்தத்துக்குள் போக வேண்டும். “தனியார் துறையில் இடஒதுக்கீடு” என்று பொதுவாக முழங்குவதோடு நிற்காமல், டெண்டர் நிபந்தனையின் எத்தனையாவது பக்கத்தில் அது இருக்க வேண்டும் என்று சொல்லப் பழக வேண்டும்.

இதற்கு முன்மாதிரி இருக்கிறது. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் டேங்கர் லாரி ஒப்பந்தங்களில் எஸ்.சி., எஸ்.டி. உரிமையாளர்களுக்கு ஒதுக்கீடு வைத்திருக்கின்றன. பெட்ரோல் லாரிக்கு முடிந்தது, கரி லாரிக்கும் சாம்பல் லாரிக்கும் ஏன் முடியாது? தாட்கோ வழியாக நம் இளைஞர்களுக்கு வண்டிக் கடன் கிடைக்கிறது, லோடு கிடைப்பதில்லை. லோடு இல்லாத லாரியைத் தவணை தின்றுவிடுகிறது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 4 சதவீதத்தை எஸ்.சி., எஸ்.டி. உரிமையாளர்களின் சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் கொள்முதல் ஆணை சொல்கிறது. பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் அது பொருந்தும்.

அடுத்த வேலை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கடலூர் துறைமுகத்தில் சாகர்மாலா திட்டத்தில் புதிய தளங்கள் கட்டி, தனியாரை வைத்து நடத்த மாநிலக் கடல்சார் வாரியம் டெண்டர் கோரியது. அங்கே சரக்கு வந்து இறங்கும்போது, நம் காலனிப் பிள்ளைகள் கிரேன் ஓட்டப் பயிற்சி பெற்று நிற்பார்களா, மூட்டைக்கும் கூட்டுவதற்கும் மட்டும் கூப்பிடப்படுவார்களா? உள்ளூர் எஸ்.சி., எஸ்.டி. இளைஞர்களுக்குப் பயிற்சியும் வேலையும் ஒப்பந்த நிபந்தனையாக வேண்டும் என்று இப்போதே எழுதிக் கேட்க வேண்டும். வேலை தொடங்கியபின் கேட்டால், ஒப்பந்தத்தில் இல்லை என்ற பதில்தான் வரும்.

முதல் அடி சிறியது. தகவல் உரிமை விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய். என்.எல்.சி.யிடமும் தூத்துக்குடித் துறைமுகத்திடமும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளில் அந்த 4 சதவீதத்தில் எவ்வளவு நிறைவேறியது, சரக்குப் போக்குவரத்து ஒப்பந்தங்களில் எஸ்.சி., எஸ்.டி. உரிமையாளர்கள் எத்தனை பேர்? கடல்சார் வாரியத்திடம் கடலூர் ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். பதில் வந்தாலும், மறுத்துக் கடிதம் வந்தாலும் எனக்கு அனுப்புங்கள். அடுத்த கட்டுரையை அந்தக் காகிதங்களை வைத்தே எழுதுவோம்.

ஜெய்பீம்.