கூட்டணி வெச்சா குளோபல்!

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிப்போம் ஃப்ரெண்ட்ஸ்! உங்கள் சித்தப்பா திருப்பூரில் நாற்பது தையல் மெஷின் போட்டு ஒரு யூனிட் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியிலிருந்து ஒரு பையர் வருகிறார். ‘ஐம்பதாயிரம் டி-ஷர்ட். மூணு மாசத்துல கப்பல் ஏறணும். முடியுமா?’ என்கிறார். சித்தப்பாவிடம் நிட்டிங் மெஷின் கிடையாது. சாயப்பட்டறை கிடையாது. பிரின்டிங்கும் கிடையாது. என்ன பதில் சொல்வார்?

‘முடியுங்க சார்!’

சும்மா பந்தா இல்லை, செய்தும் காட்டுவார். அந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறது, அது எங்கே போய் இடிக்கிறது என்பதுதான் இந்த வார மேட்டர்.

ஊரே ஒரு ஃபேக்டரி

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் பல கை மாறித்தான் அட்டைப் பெட்டிக்குள் போகும். நூலைத் துணியாக்க ஒருவர், சாயம் போட ஒருவர், காம்பாக்டிங், பிரின்டிங், எம்ப்ராய்டரி, செக்கிங், அயர்னிங் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜாப் ஒர்க் யூனிட். தையல் பெரிசா வந்துவிட்டால் பக்கத்துத் தெரு யூனிட்டுக்குப் பாதியைக் கொடுத்துவிடலாம். ஆக, சித்தப்பா கோடிக்கணக்கில் மெஷின் வாங்க வேண்டியதில்லை. நாலு தெரு தள்ளி அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது!

1980களின் நடுவில் இந்த ஊரின் ஏற்றுமதி சில பத்து கோடி ரூபாய்தான். 2024-25ல் அது கிட்டத்தட்ட 40,000 கோடி. பெரிய கம்பெனிகளும் இதில் உண்டு. ஆனால், அவர்களுக்கும் பின்னால் நிற்பது ஜாப் ஒர்க் தெருக்கள்தான்.

பேப்பரில்தான் தோற்கிறோம்

சரி, உலக மார்க்கெட்டில் சின்ன யூனிட்கள் தோற்பது எங்கே? தையலில் என்று நினைத்தால், தப்பு பாஸ். பெரும்பாலும் பேப்பரில்.

துணி 180 ஜி.எஸ்.எம். இருக்கிறதா, துவைத்தால் எவ்வளவு சுருங்கும், சாயம் போகுமா... எல்லாவற்றுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும். சில வகை அசோ சாயங்களை ஐரோப்பிய யூனியன் தடை செய்திருக்கிறது. அவற்றிலிருந்து வரும் நச்சு அமின்கள் ஒரு கிலோ துணியில் 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சித்தப்பாவின் துணி சுத்தமாகவே இருக்கலாம். ‘இருக்குங்க சார்’ என்றால் பையர் நம்ப மாட்டார். லேப் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு யூனிட்டும் தனியாக லேப் வைக்க முடியுமா? முடியாது. இதற்கு ஜப்பான்காரர்கள் எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே மாகாணத்துக்கு மாகாணம் ‘கோசெட்சுஷி’ என்ற அரசு ஆய்வு மையங்கள் இருக்கின்றன. பட்டறைக்காரர் தன் பொருளை எடுத்துக்கொண்டு போய்ச் சோதிக்கலாம், மெஷினை வாடகைக்குப் பயன்படுத்தலாம், இன்ஜினீயரிடம் ஆலோசனையும் கேட்கலாம். நம் கோவையிலும் பம்ப், மோட்டார் செய்கிறவர்களுக்கு சிடார்க் என்ற பொதுச் சோதனை மையம் உண்டு. தனியாக வாங்க முடியாததைச் சேர்ந்து வைத்துக்கொள்வது. அவ்வளவுதான் டெக்னிக்!

காசு எப்ப வரும்?

அடுத்த தலைவலி பணம். நூலுக்கு இன்றைக்கே காசு. கூலி சனிக்கிழமை. பையரின் பணமோ சரக்கு போய் மாசக்கணக்கில் கழித்துதான் வரும். அவர் திவாலாகிவிட்டால்? அதற்கு இ.சி.ஜி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் இன்ஷூரன்ஸ் உண்டு. உள்ளூரில் பணம் இழுத்தடித்தால், 2006ம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் இருக்கிறது. பதிவு செய்த சிறு, குறு யூனிட்டுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும், தாண்டினால் வட்டி.

சட்டம் சூப்பர். ஆனால், ஆர்டர் கொடுக்கிற முதலாளி மேலேயே புகார் கொடுத்துவிட்டு, அடுத்த ஆர்டருக்கு அவர் வாசலிலேயே போய் நிற்க முடியுமா? ஜாப் ஒர்க் செய்கிறவர் வாயை மூடிக்கொள்வது இங்கேதான். தனி ஆள் கேட்க முடியாததை, சங்கமாகச் சேர்ந்தால்தான் கேட்க முடியும்.

நொய்யல் கொடுத்த பில்

கூட்டணிக்குக் கசப்பான பக்கமும் உண்டு. பல வருடங்கள் ஊரே சேர்ந்து ஒரு செலவை மட்டும் கணக்கில் எழுதவில்லை. சாயத் தண்ணீர். அது நொய்யலில் ஓடி, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பில் கட்டியது கீழே இருந்த விவசாயிகள். கிணறும் போச்சு, வயலும் போச்சு.

அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சாயம் நின்றால் தையலும் நிற்கும். ஊரே ஸ்தம்பித்தது. அப்புறம்தான் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ முறைக்கு வந்தார்கள். தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். செலவு எக்கச்சக்கம். அதையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வைத்துப் பங்கு போட்டுக்கொண்டுதான் பல சின்னப் பட்டறைகள் சமாளித்தன.

இன்றைக்கு அதே விஷயத்தைத்தான் வெளிநாட்டு பையர்களிடம் பெருமையாகச் சொல்லி ஆர்டர் பிடிக்கிறார்கள்! பக்கத்து வயலில் செலவைத் தள்ளிவிட்டு விலையைக் குறைப்பதற்குப் பெயர் திறமை இல்லை என்று கற்றுக்கொள்ள, ஒரு நதியை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஒரே கூடையில் முட்டை

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவிகிதமாக உயர்த்தியபோது, அந்த ஒரு நாட்டையே நம்பியிருந்தவர்கள் ஆடிப்போனார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் பிரிட்டனுடன் இந்தியா வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தது. ஒரு கதவு சாத்தும்போது இன்னொரு கதவைத் தட்ட வேண்டும். ஆனால், புது நாட்டின் விதிமுறை என்ன, யாரைப் பார்ப்பது, கண்காட்சியில் ஸ்டால் போட எவ்வளவு ஆகும் என்று தேட சித்தப்பாவுக்கு நேரமேது? அவர் காலையில் லைன் பார்க்க வேண்டும், மாலையில் கரன்ட் பில் கட்ட வேண்டும்!

இங்கேதான் நீங்க!

இந்த இடத்தில்தான் காலேஜ் பசங்களுக்கு வேலை இருக்கிறது. பி.காம். படிக்கிறீர்களா? ஏற்றுமதிக்குத் தேவையான ஐ.இ. கோட் ஆன்லைனிலேயே 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள், அப்படியே ஒரு டி-ஷர்ட்டுக்கு நிஜமாக என்ன செலவாகிறது என்று ஒரு காஸ்டிங் ஷீட்டும் போட்டுக் கொடுங்கள். கெமிஸ்ட்ரியா? டெஸ்ட் ரிப்போர்ட்டைப் படித்துத் தமிழில் விளக்குங்கள். மெக்கானிக்கலா? எந்த மெஷினில் வேலை தேங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். இங்கிலீஷ் லிட்டரேச்சரா? பையருக்கு நாலு வரியில் தெளிவாக மெயில் எழுதத் தெரிந்த ஆளுக்கு ஏங்கும் பட்டறைகள் எத்தனையோ!

ஃபைனல் இயர் பிராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, பைண்டிங் போட்டுக் கொடுக்கிற பழக்கம் உங்கள் காலேஜிலும் இருக்கலாம். அந்தக் காசை மிச்சம் பண்ணுங்க. உங்கள் ஊர் தொழிற்பேட்டைக்கு ஒரு நாள் போங்கள். பம்ப், பூட்டு, பாத்திரம் என்று என்ன செய்தாலும் சரி, அந்தப் பட்டறைக்காரரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். ‘எந்தப் பேப்பர் இல்லாததால ஆர்டர் கைவிட்டுப் போச்சு? சரக்கு கொடுத்து எத்தனை நாள்ல பணம் வருது? பக்கத்துப் பட்டறையோட சேர்ந்து வாங்கினா எது மலிவா முடியும்?’

மூணுல ஒண்ணுக்கு விடை கண்டுபிடிச்சாக்கூட போதும். அதுதான் உங்க பிராஜெக்ட்!